ரெண்டுங்கெட்டான் வண்டியும் டிரைவர் சார்ஜும்

இன்னும் தீ வைக்கவில்லை.

காலையில் எழுந்ததும் உமாபதி முதலில் பார்ப்பது வடக்குப் பக்கத்து வானத்தைத்தான். சுங்கை பெசார் பக்கம் அறுப்பு முடிந்துவிட்டது. வயல் முழுக்க வைக்கோல் காய்ந்து கிடக்கிறது. எவனாவது ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டால் போதும். புகை ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்பனை மரங்களுக்கு மேல் பாய் விரித்துப் படுத்துவிடும். அடுத்த நிமிஷம் தோட்டத்து லயத்து வீட்டில் அவன் மனைவி கலாவதிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும்.

போன வருஷம் இழுத்த இழுப்பில் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி டாக்டர் அன்றைக்குச் சொன்னது உமாபதியின் காதிலேயே நிற்கிறது: "அடுத்த தடவை இழுத்தா யோசிக்காத. உடனே தூக்கிட்டு வந்துடு. லேட் பண்ணினா எங்க கையில ஒண்ணும் இல்ல."

தூக்கிக்கொண்டு போக வண்டி வேண்டுமே!

போன வருஷம் வண்டி இருந்தது. தோட்டத்துப் பழைய ஜீப். நோயாளிகளை ஏற்றுவதற்கென்றே இருந்த அதற்கு உமாபதிதான் டிரைவர். நாலு பேர் தள்ளினால் கிளம்பும். கிளம்பிவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில்தான் மூச்சு விடும். ஆனால் இந்த வருஷம் தோட்டத்துக்கு நவீனம் வந்துவிட்டது.

கோலாலம்பூரில் கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கிறது. அதற்குள் 'நவீனப் பிரிவு' என்று ஒரு பிரிவு. ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்தப் பிரிவு ஒரு வெள்ளை வேனைச் சோதனைக்காக அனுப்பி வைத்தது. பாதி பெட்ரோலில் ஓடும், பாதி பேட்டரியில் ஓடும். தோட்டத்து ஜனங்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: ரெண்டுங்கெட்டான்.

வண்டியை ஒப்படைக்க நவீனப் பிரிவின் அதிகாரி சிவானந்தம் நேரில் வந்தார். கோயில் மைக்கைக் கொண்டு வந்து வைத்தார்கள். அவர் பேசினார்.

"தொழிலாளர்களே! இந்த வண்டியைப் பற்றி நான் லண்டனில் ஆறு மாதம் படித்தேன். உங்களுக்கு அரை மணியில் சொல்லிவிடுகிறேன். புரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குப் புரிய வேண்டும் என்று கம்பெனி எதிர்பார்க்கவில்லை."

ஜனங்கள் கை தட்டினார்கள். அதிகாரிக்கு உற்சாகம் வந்து மேடைத் தமிழ் நழுவியது.

"உள்ள ரெண்டு ஜாதி பேட்டரி. ஒண்ணு ஈயம். எஞ்சினைக் கிளப்ப. அது எப்பவும் நெறஞ்சே இருக்கணும், காஞ்சா செத்துடும். இன்னொண்ணு நிக்கல். அதுதான் வண்டிய இழுக்கிறது. அது முழுசா டிஸ்சார்ஜ் ஆகணும், அதுக்கப்புறம்தான் சார்ஜ். அரைகுறையா சார்ஜ் பண்ணினா அந்த அரைகுறையையே ஞாபகம் வச்சுக்கிட்டு நம்மளப் பழி வாங்கும்."

"அப்ப அது என் மாமியா ஜாதி லா," என்றான் கூட்டத்தில் நின்ற இஞ்சின் கொட்டகைக்காரன் சின்னையா. தோட்டத்துக்கு மின்சாரம் தரும் இஞ்சினை ஓட்டுவது அவன்தான்.

"சார்ஜ்லயும் ரெண்டு முறை. ஸ்லோ சார்ஜ், இது தினமும். ஃபாஸ்ட் சார்ஜ், இது அவசரத்துக்கு மட்டும். அடிக்கடி பண்ணினா ஆயுசு குறைஞ்சுடும். முக்கியமான விஷயம், டிரைவர் தினமும் சார்ஜ் பண்ணணும்!"

அங்கேதான் விழுந்தது இடி.

கோயில் மைக்குக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சொல்லையும் அது வாலில்லாமல் விடாது. 'டிரைவர்' என்று அதற்குள் போன சொல் 'டிரைவரஅஅ' என்று வெளியே வந்தது. "டிரைவர தினமும் சார்ஜ் பண்ணணும்!" தமிழில் அது எத்தனை பெரிய விபத்து பாருங்கள். கடைசியில் ஒரு குட்டி 'அ' ஒட்டிக்கொண்டது. சார்ஜ் பண்ண வேண்டியவன், சார்ஜ் பண்ணப்பட வேண்டியவன் ஆகிவிட்டான்.

மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய கிராணி நடராஜா தலையை ஆட்டிக்கொண்டார். தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குத் தெரிந்த சார்ஜ் ஒன்றே ஒன்றுதான். பிந்தி வந்தால் சார்ஜ். காயாக இருக்கும்போதே செம்பனைக் குலையை வெட்டினால் சார்ஜ். ஆளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, குற்றத்தைச் சொல்லி, பதில் கேட்பது. சார்ஜ் முற்றினால் டிஸ்சார்ஜ். அதாவது வேலை போச்சு, அன்றைக்கே லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டும்.

மறுநாள் காலை உமாபதியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நில்லு. சட்டையில மேல் பொத்தான் இல்ல. கம்பெனி வண்டிய அவமானப்படுத்திட்ட. என்னா பதில் சொல்ற?"

உமாபதி திருதிருவென்று விழித்தான். "ஐயா, அவங்க பேட்டரியல்ல சார்ஜ் பண்ணச் சொன்னாங்க?"

"பேட்டரி என்னாடா தப்பு பண்ணுச்சு? இங்க நிக்க வச்சுக் கேட்டா அது வாயத் தொறந்து பதில் சொல்லுமா? பேசாம வாங்கிக்கிட்டுப் போ. ஸ்லோவாத்தான பண்றேன்?"

உண்மைதான். மெதுவாகத்தான் பண்ணினார்.

இஞ்சின் கொட்டகையில் வண்டிக்கென்று புதிதாக ஒரு பிளக் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டின் சாவி கிராணியிடம். கேட்டால், "அது மேலிடத்துச் சாமான், கை வைக்க உத்தரவு இல்ல" என்றார். பெட்ரோல் ஊற்றலாமென்றால் டாங்கின் வாயை நவீனப் பிரிவு ஈய முத்திரை வைத்து அடைத்திருந்தது. சோதனை சுத்தமாக இருக்க வேண்டுமாம். அவர்கள் வந்து ஊற்றினால்தான் உண்டு.

நாட்கள் போயின. தினமும் சார்ஜ் நடந்தது. சிரித்ததற்கு ஒரு நாள். சிரிக்காமல் முறைத்ததற்கு மறுநாள். வேலை வாங்கும் மண்டோரைப் பார்த்துத் தும்மியதற்கு அதற்கடுத்த நாள். இரண்டாவது வாரத்தில் குற்றங்கள் தீர்ந்துவிட்டன. நடராஜாவுக்குக் கவலையில் சோறு இறங்கவில்லை.

"உமாபதி, நீயே சொல்லுப்பா. நாளைக்கு என்னா தப்பு பண்றதா இருக்க?"

"ஒண்ணும் நெனைக்கலீங்க ஐயா."

"இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா எப்படி? நான் மேலிடத்துக்கு என்னா சொல்றது?"

அந்தப் பொறுப்பின்மைக்கே மறுநாள் சார்ஜ் ஆயிற்று.

வாரா வாரம் சிவானந்தம் கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணுவார். லைனில் பாதி பேச்சு வரும், பாதி இரைச்சல் வரும்.

"சார்ஜ் ஒழுங்கா நடக்குதா?"

"ஒரு நாள் தவறல சார்."

"சூடு ஏறுதா?"

"மொதல்ல ஏறுச்சு சார். இப்பப் பழகிடுச்சு."

"குட், குட். தண்ணி பாக்குறீங்களா?"

நடராஜா திடுக்கிட்டார். "தண்ணிப் பழக்கமெல்லாம் கெடையாது சார். காவடி எடுக்கிற ஆளு."

இரைச்சல். அதற்கு நடுவே அதிகாரியின் கோபம்: "என்ன மேன் இது! தண்ணி இல்லாம செத்துப் போகும்! வாரம் ஒரு தடவ ஊத்தணும். கண்ட கண்ட தண்ணி இல்ல, சுத்தமானதா ஊத்தணும்!"

கம்பெனிச் செலவில் வாரம் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் வந்தது. உமாபதி அதைக் கையால் தொடாமல் துண்டில் சுற்றி எடுத்துப் போய்ச் சின்னையாவிடம் கொடுத்தான். நவீனத்தால் நேரடியாகப் பயனடைந்த முதல் தொழிலாளி சின்னையாதான்.

உமாபதியால் சிரிக்க முடியவில்லை. வண்டியின் பெட்ரோல் முள் ஒவ்வொரு நோயாளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. பேட்டரி முள் எப்போதோ படுத்துவிட்டது. கிராணியிடம் கெஞ்சினான். அவர் போனில் பெட்ரோல் கேட்டார். பதில் பளிச்சென்று வந்தது: "தினமும் சார்ஜ் ஏறுற வண்டிக்கு எதுக்கு மேன் பெட்ரோல்? சந்தேகமா இருந்தா வாரம் ஒரு தரம் முழுசா டிஸ்சார்ஜ் பண்ணுங்க. நிக்கல் புத்துணர்ச்சியாயிடும்."

சனிக்கிழமை சாயங்காலம் உமாபதிக்கு வேலை போயிற்று.

வேலை போனவனுக்கு லயத்தில் இடமில்லை. இரண்டு ஆட்கள் வந்து பாத்திரம், பாய், அலமாரி எல்லாவற்றையும் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் அடுக்கினார்கள். கலாவதி அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காலையில் வேலை திரும்பக் கிடைத்தது. அதே இரண்டு ஆட்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. தொழிற்சங்கத்துத் தலைவர் வந்து பார்த்தார். திங்கட்கிழமை வேலை கிடைத்துவிடுவதால் சனிக்கிழமை வேலை போனதாகக் கருத முடியாது என்று தீர்ப்புச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

"ஏங்க, பனியில உக்காந்தா நெஞ்சு கட்டுது," என்றாள் கலாவதி. "இன்னும் அவங்க வைக்கோல கொளுத்தலியே, அது வரைக்கும் நல்ல காலந்தான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். உமாபதி தன் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினான்.

ஒருநாள் ரெண்டுங்கெட்டான் செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டது. தள்ளினார்கள், அசையவில்லை. மாட்டைக் கட்டி ஆபீஸ் வாசல் வரைக்கும் இழுத்து வந்தார்கள். நடராஜா போன் போட்டார்.

"நின்னுடுச்சா?" கோலாலம்பூரில் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. "எதையும் தொடாதீங்க! நாளைக்குக் காலையில முழுசா டிஸ்சார்ஜ் பண்ணி ரெடியா வைங்க. நான் நேர்ல வர்றேன். என் கண் முன்னால ஃபாஸ்ட் சார்ஜ்!"

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே உமாபதிக்கு வேலை போயிற்று. அலமாரி மரத்தடிக்குப் போயிற்று.

உமாபதி வடக்கே பார்த்தான்.

தீ வைத்துவிட்டார்கள்.

முதலில் ஒரு கோடு போலத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது. காற்று இந்தப் பக்கமாகத்தான் வீசியது.

"வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்க, கலா."

"வீடு பூட்டியிருக்குங்களே."

பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் அவளை ஒப்படைத்துவிட்டு அவன் ஆபீசுக்கு ஓடினான். தோட்ட மானேஜர் பெரிய துரை தன் காரில் கோலாலம்பூர் போயிருந்தார். செம்பனைப் பழ லோரிகள் ஆலைக்குப் போய்விட்டன. தோட்டத்தில் அப்போது ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. சிவானந்தம் ஓட்டி வந்த கறுப்புக் கார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் சிவானந்தம் உட்கார்ந்திருந்தார். கார்ச் சாவி மேசை மேல் கிடந்தது.

"ஐயா, எம் பொண்டாட்டிக்கு…"

"வாடா வா, உனக்காகத்தான் காத்திருக்கோம்." நடராஜா அவனைப் பிடித்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "சார், ஃபாஸ்ட் சார்ஜுக்கு எல்லாம் ரெடி."

சிவானந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். "வயர் எங்க?"

"வயரா? நாங்க கையெல்லாம் கட்டுறதில்ல சார். சும்மா நிப்பான். நல்ல பையன்."

"யாரு நிப்பான்?"

"டிரைவர்தான் சார். நீங்க சொன்னபடி தினமும் சார்ஜ். வாரம் ஒரு தரம் டிஸ்சார்ஜ். ஸ்டவுட் மட்டும் குடிக்க மாட்டேங்கிறான்."

சிவானந்தத்தின் முகம் வெளுத்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வாரமாக ஒரு பேட்டரிக்கும் ஒரு சொட்டு மின்சாரம் ஏறவில்லை. ஜன்னல் வழியாக வைக்கோல் கருகிய வாடை உள்ளே வந்தது.

"சார், சுருக்கா முடிங்க சார்," என்றான் உமாபதி. "பொக வந்துடுச்சு."

சிவானந்தம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பேச ஆரம்பித்தபோது குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டிருந்தது.

"மிஸ்டர் நடராஜா, நீங்க பண்ணினது தப்புன்னு நான் சொல்லல. ஏன்னா, நூத்துக்கு நூறு சார்ஜ்ன்னு என் ரிப்போர்ட் லண்டன் மேலிடத்துக்குப் போயிடுச்சு. வண்டி பொய் சொல்லலாம், பேட்டரி பொய் சொல்லலாம், ரிப்போர்ட் பொய் சொல்லக் கூடாது. இப்ப பேட்டரிய சார்ஜ் பண்ணினா, இதுவரைக்கும் பண்ணலன்னு ஆயிடும். அதனால இதே முறையில தொடர்வோம். விஞ்ஞானத்துக்குத் தேவை ஒழுங்கு. ரிசல்ட் பிறகு வரும். ஆரம்பிங்க."

நடராஜா தொண்டையைச் செருமினார். "உமாபதி! கம்பெனி வண்டியச் செம்பனைக்கு நடுவுல சாகவிட்ட. இது மொதல் குத்தம்…"

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். வள்ளியம்மா. தலை அவிழ்ந்து கிடந்தது.

"தம்பி! கலாவுக்கு உதடு நீலமாயிடுச்சுப்பா! பேச்சு வரல!"

உமாபதி மேசையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஒங்க காரக் குடுங்க சார். கும்புடுறேன்."

"என் கார் சோதனை வண்டி இல்ல," என்றார் சிவானந்தம். "அதுல நோயாளிய ஏத்தினா சோதனை கெட்டுடும். ரெண்டுங்… அந்த வேன் எதுக்கு இருக்கு? அவசரத்துக்குத்தான் இருக்கு. அதுலதான் போகணும்."

"அது ஓடாது சார்!"

"அதுக்குத்தான் உன்ன சார்ஜ் பண்றோம்."

உமாபதி மூன்று வாரம் சார்ஜ் வாங்கியவன். அதில் ஒரு நாளும் கை ஓங்காதவன், குரல் உயர்த்தாதவன். அன்றைக்கும் உயர்த்தவில்லை. மேசை மேல் கிடந்த சாவியை எடுத்தான். அவ்வளவுதான்.

"டேய்! ரெண்டாவது குத்தம் இன்னும் சொல்லல!" என்று அலறினார் நடராஜா.

"மிச்சத்த வந்து வாங்கிக்கிறேன் ஐயா!"

கறுப்புக் கார் மரத்தடியில் புழுதி கிளப்பி நின்றது. கலாவதி அலமாரியில் சாய்ந்து கிடந்தாள். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போல எழும்பி அடங்கியது. வள்ளியம்மா காலைப் பிடிக்க, அவன் தோளைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினான். வள்ளியம்மாவும் ஏறிக்கொண்டாள்.

செம்மண் பாதை முடிந்து தார் ரோடு வந்தது. ஆனால் ரோடு எங்கே? எதிரே வெள்ளைத் திரை. ஒரு பக்கம் கால்வாய், தவறினால் தண்ணீர். விளக்கைப் போட்டான், ஹாரனை அமுக்கியபடியே போனான். திரைக்குள்ளிருந்து திடீரென்று நெல் மூட்டை லோரி ஒன்று முளைத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். இடது சக்கரம் புல்லில் இறங்கி, ஒரு கணம் அந்தரத்தில் தொங்கி, மீண்டும் தாரில் ஏறியது.

"அக்கா, மூச்சு இருக்கா?"

"இருக்கு, ஓட்டு!"

கொஞ்ச தூரம் போனதும், "அக்கா?"

பதில் வரவில்லை.

"அக்கா!"

"ஓட்டுடா பாவி! பேசாம ஓட்டு!"

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினான். தாதிகள் ஓடி வந்து கலாவதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உமாபதி தன் உள்ளங்கையைப் பார்த்தான். சாவி பதிந்த இடம் சிவந்திருந்தது.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க," என்றாள் ஒரு தாதி. "உள்ள போய்ப் பாருங்க."

கலாவதியின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. அதற்குள் பனி படர்ந்து படர்ந்து கலைந்தது. உதட்டுக்கு நிறம் திரும்பியிருந்தது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மத்தியானத்துக்கு மேல் வார்டு வாசலில் வியர்த்து வழிய ஒரு உருவம் வந்து நின்றது. பெரிய கிராணி நடராஜா. பஸ்ஸில் வந்திருந்தார். பின்னால் போலீஸ் வருகிறதா என்று உமாபதி எட்டிப் பார்த்தான். வரவில்லை. கிராணியின் முகமெல்லாம் பல்.

"அட, பயப்படாதப்பா! சார் ஒம் மேல ரொம்ப சந்தோசமா இருக்காரு. மேலிடத்துக்கு அப்பவே போன் போட்டுட்டாரு. ஃபாஸ்ட் சார்ஜ் ஆரம்பிச்ச ஒடனே டிரைவர் அம்பு மாதிரி பறந்துட்டான், சொட்டுப் பெட்ரோல் கேக்கல, பேட்டரியத் தொடல. சோதனை வெற்றி!"

"அவரு கார்ல பெட்ரோல் இருந்துச்சே ஐயா."

"அது சோதனையில சேராது. அடுத்த மாசத்துலேருந்து கம்பெனியோட எல்லாத் தோட்டத்துலயும் இந்த முறைதான். எப்படி நின்னு சார்ஜ் வாங்குறதுன்னு நீதான் மத்த டிரைவருங்களுக்குக் காட்டணும்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. இனிமே ஆள் எடுக்கும்போது, பொண்டாட்டிக்கு மூச்சு இழுக்குற ஆளாப் பாத்து எடுக்கணுமாம். அவங்கதான் வேகமா ஓடுறாங்களாம்."

கட்டிலில் சலசலப்பு. கலாவதி முகமூடியை மெல்ல விலக்கினாள்.

"ஏங்க, எங்கண்ணன் ரவாங் டவுன்ல ஃபேக்டரி பஸ்ஸுக்கு டிரைவர் தேடுறாங்கன்னு சொல்லிச்சே…"

"அதெப்படி முடியும்?" நடராஜா பதறினார். "இவன் கம்பெனி ஆளு!"

உமாபதி முகமூடியை எடுத்து அவள் முகத்தில் பொருத்தி, நாடாவைக் காதுக்குப் பின்னால் சரி செய்தான். அப்புறம்தான் திரும்பினான்.

"இன்னிக்குக் காலையிலேயே என்னை டிஸ்சார்ஜ் பண்ணிட்டீங்களே ஐயா. திரும்ப எடுக்கலியே."

நடராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வேலையில் இல்லாதவனைச் சார்ஜ் பண்ண முடியாது. இத்தனை வருஷச் சட்டம் அது, அவர் வாயாலேயே எத்தனை பேருக்குச் சொன்னது. சார்ஜ் இல்லையென்றால் ஃபாஸ்ட் சார்ஜ் இல்லை. ஃபாஸ்ட் சார்ஜ் இல்லையென்றால் சோதனை இல்லை, வெற்றி இல்லை. போனில் மேலிடத்துக்குப் போன செய்தியோ போனது போனதுதான்.

"அடப்பாவி," என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. "அப்ப இன்னிக்குக் காலையில அந்தக் கார ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?"

"கலாவதி புருசன்," என்றான் உமாபதி.